பலகாரம் சுட்ட எண்ணெய எங்கதாங்க ஊத்துறது?

தீபாவளியோ பிள்ளையார் நோன்போ வீட்ல ஒரு கல்யாணமோ வந்துச்சுனா நம்ம காரைக்குடிப் பக்கம் பலகாரம் சுடாம இருக்க மாட்டோம், முறுக்கு, தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம்னு வரிசையா சட்டியில விழுந்து டின்னு டின்னா அடைச்சு முடிச்சப்புறம் அடுப்படி மூலையில ரெண்டு லிட்டரோ மூணு லிட்டரோ எண்ணெய் மிச்சம் நிக்கும், அத என்ன செய்றதுனு கேட்டா மட்டும் வீட்டுக்கு ஒரு பதில் வரும். ஒருத்தவங்க சிங்க்ல ஊத்தி பின்னாடியே சுடுதண்ணிய விட்டா போயிரும்பாங்க, இன்னொருத்தவங்க தென்னந்தூர்ல ஊத்துனா மரத்துக்கு உரம்பாங்க, வயசான ஆச்சிங்க அதெல்லாம் கொட்டக்கூடாது எடுத்து வச்சு குழம்புக்கு ஊத்துனு சொல்லுவாங்க. மொத ரெண்டும் தப்பு, மூணாவது எல்லா எண்ணெய்க்கும் ஆகாது. நான் சொல்லப்போறது ஒரே ஒரு விஷயத்த பிடிச்சுக்கிட்டுதான், சுட்ட எண்ணெய் தண்ணி கூட சேரவே கூடாது, சட்டியில சேந்தா தீ, சிங்க்ல சேந்தா அடைப்பு, செப்டிக் டேங்க்ல சேந்தா நாத்தம், ஊருணியில சேந்தா ஊருக்கே கேடு.

மொதல்ல இந்த சுடுதண்ணி கதைய முடிச்சுருவோம். சுடுதண்ணி ஊத்துனா எண்ணெய் கரையாது, நம்ம கண்ணுல படுற இடத்த விட்டு நகர்ந்து போகும் அவ்வளவுதான், பைப்புக்குள்ள நாலஞ்சு அடி தாண்டுனதும் ஆறிப்போய் அங்க ஒட்டிக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டாலும் அதே கததான், அது எண்ணெய சின்ன சின்ன துளியா உடைச்சு கொண்டுபோகும், கீழ போய் லிக்விட் நீர்த்ததும் துளியெல்லாம் திரும்ப ஒண்ணு சேந்துக்கும். இன்னொரு விஷயம், நம்ம வீட்ல இருக்குறதெல்லாம் பிவிசி பைப்பு, கொதிக்க கொதிக்க தண்ணி ஊத்துனா அது இளகி ஜாயின்ட்டு விட்டுப்போகும்.

இதுல நம்ம ஊருக்குனு ஒரு தனி வில்லங்கம் இருக்கு. காரைக்குடி டவுன்ல கெடைக்கிற சம்பை ஊத்துத்தண்ணிய விட்டுருங்க, அது வேற, ஆனா சுத்துப்பட்டு ஊருங்கள்ல நெறைய வீட்ல போர் போட்டா உப்புத்தண்ணிதான், குழாய் முனையில வெள்ளையா பூத்துப்போய் நிக்கும்ல, அது சுண்ணாம்புச் சத்து. சட்டியில காய்ஞ்ச எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கொழுப்பு அமிலமா பிரியும், அதுவும் இந்த சுண்ணாம்புச் சத்தும் சேந்தா ஒரு மாதிரி கெட்டி சோப்பாயிரும், நுரைக்காத கரையாத சோப்பு. சிங்க்குக்கு கீழ இருக்குற பாட்டில் ட்ராப்ப ப்ளம்பர் கழட்டும்போது பக்கத்துல நின்னு பாத்துருக்கீங்களா, சாம்பல் வெள்ளையில ஒரு கட்டி வரும், ஸ்குரூ ட்ரைவர வச்சு குத்துனா மெழுகாட்டம் துண்டு துண்டா உடையும், உள்ள நாலு பருக்க சோறும் கருவேப்பில ஈர்க்கும் தலமுடியும் சிக்கிக்கிட்டு இருக்கும். அதுதான் இது. லண்டன்ல வைட்சாப்பல்ங்குற ஏரியாவுல 2017ல ரோட்டுக்கு அடியில இதே சமாச்சாரம் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன்னுக்கு கிடந்துச்சுனு உலகம் பூரா நியூஸ் ஆச்சு, அங்க அது தண்ணி கம்பெனி பாடு, இங்க நம்ம செப்டிக் டேங்க்கு நம்ம பாடு.

செப்டிக் டேங்க்ல எண்ணெய் போனா மேல ஆடை கட்டும், மலம் கீழ படியும், நடுவுல இருக்குற தண்ணி மட்டும்தான் வெளியேறி உறிஞ்சுகுழிக்கு போகணும். ஆடை தடிச்சுக்கிட்டே வந்துச்சுனா அந்த கொழுப்பும் சேந்து உறிஞ்சுகுழிக்கு போயி மண்ணுல இருக்குற கண்ணெல்லாம் அடைச்சுப்போட்டுரும், அப்புறம் லாரிய கூப்பிட்டு டேங்க்க உறிஞ்சி எடுத்தாலும் குழி தண்ணிய இழுக்காது. நம்ம பழைய வீட்ல முற்றத்து மழைத்தண்ணி தெருவாய்க்கால் வழியா ஊருணிக்கு போறபடிக்குதான் அந்த காலத்துல கட்டிருக்காங்க, நிறைய ஊர்ல இன்னமும் அந்த வாட்டம் அப்படியே இருக்கு, அதனால கொல்லைப்பக்க வாய்க்கால்ல ஊத்துன எண்ணெய் அங்கயே கெடக்கும்னு நெனக்காதீங்க, ஐப்பசி மழையில அது எங்க போகும்னு வாட்டத்த பாத்தாலே தெரியும். தண்ணி மேல எண்ணெய் படலம் விரிஞ்சுச்சுனா காத்து தண்ணிக்குள்ள எறங்காது, மீனுக்கு மூச்சு முட்டும்.

சரி இப்ப வேலைக்கு வருவோம், கழிவ எப்படி அப்புறப்படுத்துறதுங்குறதுக்கு முன்னாடி கழிவே கம்மியா வர்ற மாதிரி சுடுறது எப்படினு பாக்கணும், ஏன்னா மூணு லிட்டர ஒழிக்கிறத விட அரை லிட்டர ஒழிக்கிறது சுலபம். இதுல முக்கியம் வரிசை. வெல்லம் சேர்ற எதுவும் கடைசியிலதான் சட்டிக்கு போகணும். அதிரசத்துலயும் கந்தரப்பத்துலயும் இருக்குற வெல்லம் எண்ணெயில கசிஞ்சு கருகி அடியில பிடிக்கும், ஒரே ஒரு ஈடு அதிரசம் போட்டு எடுத்தா போதும் எண்ணெய் டீ டிகாஷன் கலருக்கு வந்துரும், அதுக்கப்புறம் அதுல வெள்ளைப்பணியாரம் ஊத்துனா அது வெள்ளையாவா வரும்? அதனால புது எண்ணெயில மொதல்ல வெள்ளைப்பணியாரம், அடுத்து தேன்குழல், முறுக்கு, சீப்புச்சீடை, அடுத்து வெங்காயம் மிளகாய் போட்ட மசாலா சீயம், கட்டக்கடைசியா கந்தரப்பமும் அதிரசமும். அந்த கடைசி ரெண்டுக்கும் பெரிய சட்டி வேணாம், சின்ன இருப்புச்சட்டியில கொஞ்சமா எண்ணெய மாத்திக்கிட்டு ஒண்ணொண்ணா போட்டு எடுங்க, கெடுறது அந்த கொஞ்சம் மட்டுந்தான், மிச்சம் நல்லா இருக்கும். அதிரசத்த ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு அமுக்குவோம்ல, அந்த எண்ணெய திரும்ப பெரிய சட்டியில விடாம கீழ ஒரு கிண்ணத்துல பிடிச்சுருங்க.

ஒவ்வொரு ஈடுக்கும் நடுவுல ஜல்லிக்கரண்டிய விட்டு உதிர்ந்த மாவத்தூள அள்ளி எடுங்க, அது கருகுறதுனாலதான் பாதி கெடுதல். உப்ப சட்டிக்கு மேல வச்சு தூவாதீங்க. ஈரக்கரண்டி, ஈரக்கை கூடவே கூடாது.

தீ விஷயத்த கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன், இது அவசரத்துல மறக்குற விஷயம். பொரிக்கிறப்ப எண்ணெய் 170லருந்து 190 டிகிரி வரைக்கும் இருக்கும், தண்ணி 100லயே கொதிச்சுரும். தீப்பிடிச்ச சட்டியில தண்ணி ஊத்துனா தண்ணி கனம், எண்ணெய்க்கு அடியில எறங்கி அந்த நொடியே ஆவியாயிரும், ஆவியானா கிட்டத்தட்ட 1700 மடங்கு விரியும், அந்த வேகத்துல எரியிற எண்ணெய மேல தூக்கி அடிச்சு கூரை வரைக்கும் தீ போகும். அதனால சட்டியில புகை வர ஆரம்பிச்சதுமே அடுப்ப அணைச்சுருங்க, மீறி தீப்பிடிச்சுருச்சுனா சட்டிய விட பெரிய தட்டையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டுல இருந்து தள்ளி மூடுங்க, கேஸ அணைங்க, விட்டுருங்க. சட்டிய தூக்கிக்கிட்டு முற்றத்துக்கு ஓடாதீங்க, மூடுன தட்ட எட்டி எட்டி திறந்து பாக்காதீங்க, உள்ள சூடு இருக்குறப்ப காத்து போச்சுனா மறுபடி பத்திக்கும். பெரிய விசேஷத்துக்கு கொல்லையில விறகடுப்பு கூட்டி சுடுறவங்க பக்கத்துல ஒரு வாளி மணல் வச்சுக்கோங்க, தண்ணி வாளி வேணாம்.

சுட்டு முடிஞ்சதும் சட்டிய அங்கயே ஆறவிடுங்க. விசேஷ வீட்டு சட்டினா ராத்திரி பூரா ஆகும், புள்ளைங்க அந்தப்பக்கம் போகாதபடிக்கு அடுப்படி கதவ சாத்திருங்க, மேல மூடி போடணும்னா நல்லா ஆறுனப்புறம் போடுங்க, சூட்டோட மூடுனா வேர்த்து தண்ணி உள்ள சொட்டும். கை வச்சு தொடுற சூட்டுக்கு வந்தப்புறம்தான் எண்ணெய மாத்தணும், சூடா ப்ளாஸ்டிக் பாட்டில்ல ஊத்துனா பாட்டில் சுருங்கி அடி விட்டு தரையெல்லாம் எண்ணெய்தான்.

இப்ப அது மறுபடி ஆகுமா ஆகாதானு பாக்கணும். டீ வடிகட்டியில மெல்லிய வேட்டித்துணி போட்டு வடிச்சு ஒரு கண்ணாடி டம்ளர்ல எடுத்து வெளிச்சத்துல பிடிங்க. கரண்டிய விட்டு தூக்குனா நூலா இழுத்து விழுந்துச்சு, காறல் வாடை வந்துச்சு, சூடு பண்ணுனா நுரை அடங்காம பொங்குச்சு, முன்ன விட சீக்கிரமா புகைஞ்சுச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் அது முடிஞ்ச எண்ணெய், குழம்புக்கும் ஆகாது தோசைக்கும் ஆகாது. நல்லா தெளிவா இருந்துச்சுனா எவர்சில்வர் தூக்குல ஊத்தி மூடி இருட்டு அலமாரியில வச்சு ஒரு வாரத்துக்குள்ள தாளிக்க காலி பண்ணுங்க, மறுபடி பொரிக்க வேணாம். பித்தளைப் போசியிலயும் இருப்புச்சட்டியிலயும் எண்ணெய அப்படியே விட்டு வைக்காதீங்க, செம்பும் இரும்பும் எண்ணெய சீக்கிரம் காறவச்சுரும், பித்தளையில பாதிக்கு மேல செம்புதானே. மீன் வறுத்தது, கோழி வறுத்தது இதையெல்லாம் எடுத்து வைக்கிற பேச்சே வேணாம்.

ஹோட்டலுக்கும் பலகாரக் கடைக்கும் இதுல சட்டமே இருக்கு, எண்ணெய் காய காய உருவாகுற கெட்ட பொருளோட அளவ டோட்டல் போலார் காம்பவுண்ட்னு சொல்லுவாங்க, அது 25 சதவீதத்துக்கு மேல போனா அந்த எண்ணெய்ல சமைக்கக்கூடாதுனு மத்திய அரசோட உணவு பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை 1ல இருந்து அமலுக்கு கொண்டுவந்துச்சு. நம்ம வீட்ல அத அளக்க மெஷின் கெடையாது, கண்ணும் மூக்கும்தான்.

முடிஞ்ச எண்ணெய்னு ஆயிருச்சு, இனி அளவ பொறுத்துதான். அப்பளம் பொரிச்ச ஒரு கரண்டி ரெண்டு கரண்டினா தினத்தந்தியோ எதோ ஒரு பழைய பேப்பர எடுத்து சட்டிய துடைச்சு மக்கும் குப்பையோட போடுங்க, முடிஞ்சுது. பாத்திரம் கழுவுறதுக்கு முன்னாடி துடைக்கிற இந்த ஒரு பழக்கம் வந்துட்டாலே சிங்க்கு பாதி பொழைச்சுரும், கறிக்குழம்பு சட்டி, உப்புக்கறி வறுத்த சட்டி, சாப்பிட்ட தட்டு எல்லாத்தையும் பேப்பரால வழிச்சுட்டு அப்புறம் தண்ணி காட்டுங்க. ஆட்டுக்கொழுப்பு வேற எண்ணெய விட மோசம், நம்ம ஊரு வெயில்லயே கெட்டியா உறையுற சாதி, பைப்புக்குள்ள கேக்கவா வேணும். அது உறையுற வரைக்கும் விட்டு தோசைத்திருப்பியால சுரண்டி எடுத்து பேப்பர்ல சுத்திப் போட்டுரலாம், உறையுறது நமக்கு வசதிதான். சுத்துன பேப்பர தெருவுல எறியாதீங்க, மாடு கவரோட சேத்து திங்கும்.

அரை லிட்டர், ஒரு லிட்டர்னு நின்னுச்சுனா எதுலயாவது ஊற வச்சு கெட்டியாக்கணும். கடையில இதுக்குனு பவுடர் விக்குறாங்க, நமக்கு எதுக்கு அது, புதுவயல் பக்கம் ரைஸ்மில்லு வரிசையா நிக்குது, உமிச்சாம்பல் ஒரு சாக்கு கேட்டா தூக்கிட்டுப் போனாப் போதும்பாங்க, எண்ணெய் உறிஞ்ச அத விட நல்ல சாமான் இல்ல. அது கெடைக்கலனா ஆசாரி பட்டறையில மரத்தூள் அள்ளிக்கோங்க. ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல பாதிக்கு சாம்பலப் போட்டு ஆறுன எண்ணெய கொஞ்சம் கொஞ்சமா விட்டு குச்சியால கிண்டுங்க, கையுறை போட்டு ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாத்தா உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல எண்ணெய் கசியக்கூடாது, கசிஞ்சா இன்னும் சாம்பல் போடுங்க. அத காலி எண்ணெய் பாக்கெட்லயே அடைச்சு வாய கட்டி குப்பைவண்டி வர்றப்ப தூய்மைப் பணியாளர்கிட்ட எண்ணெய்க் கழிவுனு சொல்லி தனியா குடுங்க, ஒண்ணும் சொல்லாம மத்த குப்பையோட கலந்து விட்டா அவங்க கையிலதான் வழியும்.

கொல்லையில விறகடுப்பு எரிக்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. தேங்கா நார், மட்டைத்துண்டு, கொட்டாங்கச்சி இதுல எண்ணெய தொட்டு ஊறவச்சு, சொட்டாத அளவுக்கு வடிச்சு, அடுத்த தடவ வெந்நி போட அடுப்பு பத்தவைக்கிறப்ப அடியில ஒண்ணு ரெண்டு வச்சா சட்டுனு பிடிச்சுக்கும். பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே வைக்கணும். எரியிற அடுப்புல கிண்ணத்தோட எண்ணெய ஊத்துறதெல்லாம் உயிரோட விளையாடுறது. எண்ணெய் ஊறுன துணியையும் நாரையும் மூட்டையா குவிச்சு வெயில் படுற இடத்துல போட்டு வைக்கக்கூடாது, எண்ணெய் காத்தோட சேந்து உள்ளுக்குள்ளயே சூடேறி தானா பத்துறதுக்கு வாய்ப்பு இருக்கு, துணினா விரிச்சு காயப்போடுங்க.

அஞ்சு லிட்டர், பத்து லிட்டர்னு விசேஷ வீட்டு கணக்கா இருந்தா கொட்டுறதே பாவம், அதுல பயோடீசல் எடுக்கலாம். பழைய எண்ணெயும் மெத்தனாலும் சேந்தா டீசலுக்கு பதிலா ஓடுற எரிபொருளும் கிளிசரினும் கெடைக்கும், அதுக்காகத்தான் எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஆகஸ்ட் மாசம் ருக்கோனு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் செலவழிக்கிற கடைக்காரங்க எவ்வளவு வாங்குனோம், பழைய எண்ணெய யார்கிட்ட குடுத்தோம்னு 2019 மார்ச்ல இருந்து கணக்கு எழுதி வைக்கணும். வீட்டுக்கு அந்த கணக்கு இல்ல, ஆனா உங்க விசேஷத்துக்கு பலகாரம் போட்ட சமையல்காரர்கிட்டயோ தெரிஞ்ச ஹோட்டல்காரர்கிட்டயோ கேட்டீங்கனா அவங்ககிட்ட எடுக்குற ஆள் இதையும் சேத்து எடுத்துக்குவார். மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்துல கேட்டாலும் அனுமதி பெற்ற ஆள் யாருனு சொல்லுவாங்க. வடிகட்டி, தண்ணி கலக்காம, 15 கிலோ டின்லயோ அஞ்சு லிட்டர் கேன்லயோ ஊத்தி மேல "பழைய எண்ணெய், சமைக்க ஆகாது"னு எழுதி வைங்க, எழுதலனா வீட்ல வேலை பாக்குற அக்கா புது எண்ணெய்னு நெனச்சு எடுத்துருவாங்க.

ஒரு எச்சரிக்கை. யாரோ சைக்கிள்ல வந்து பழைய எண்ணெய் இருக்கா, லிட்டருக்கு இவ்வளவு தர்றேன்னு கேட்டா காசு வருதேனு குடுத்துராதீங்க, எங்க கொண்டு போறீங்கனு கேளுங்க, தெளிவா பதில் வரலனா அது கரித்தூளோ மண்ணோ போட்டு தெளியவச்சு ரோட்டோர பஜ்ஜி சட்டிக்கு திரும்ப போறதுக்கு வாய்ப்பு இருக்கு. சோப்பு காச்சுறேன்னு கெளம்புறவங்களும் உண்டு, காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும், எண்ணெய்க்கு எண்ணெய் அளவு மாறும், அலுமினியச் சட்டியில பட்டா சட்டியையே அரிக்கும், சின்னப்புள்ளைங்க இருக்குற வீட்ல அந்த ஆசை வேணாங்குறதுதான் என் கட்சி.

தென்னந்தூர்ல ஊத்துறத பத்தி சொல்லாம விட்டா அடிக்க வருவாங்க. எண்ணெய் மண்ண மூடிரும், தண்ணியும் காத்தும் வேருக்கு எறங்காது, பொரிச்ச வாடைக்கு எறும்பும் எலியும் வந்து குழி பறிக்கும். செம்மண் பூமி, ஏற்கனவே வெயில்ல இறுகிக் கிடக்கு, அதுல போய் எண்ணெயா? உரக்குழியில துடைச்ச பேப்பர் ஒண்ணு ரெண்டு போடலாம், ஊத்தக்கூடாது. பர்மா தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் பூசுனா பளபளக்கும்னு சிலர் பொரிச்ச எண்ணெய எடுப்பாங்க, பூசுன அன்னைக்கு பளபளக்கும், பத்து நாள்ல பிசுபிசுத்து தூசிய பிடிச்சு அப்பிக்கும், அத எடுக்க ரெண்டு மடங்கு வேலை.

ஆத்தங்குடிக் கல்லு போட்ட அடுப்படியில எண்ணெய் சிந்திருச்சுனா அதுலயும் தண்ணிய ஊத்தாதீங்க, வழுக்கி யாராவது விழுவாங்க, சிமென்ட் கல்லுங்குறதுனால எண்ணெய உள்ள வேற இழுக்கும். உடனே அரிசிமாவையோ அடுப்புச் சாம்பலையோ மேல கொட்டி கால் மணி நேரம் விட்டு அட்டையால வழிச்சு எடுங்க, அப்புறம் சீயக்காத்தூளோ அரப்போ தூவி லேசா ஈரத்துணியால தேய்ங்க, ஆசிட் பக்கம் போயிராதீங்க, கல்லுல இருக்குற பூ போயிரும்.

சிங்க்கு ஏற்கனவே அடைச்சுக்கிட்டு இருக்குனா கீழ ஒரு வாளிய வச்சு பாட்டில் ட்ராப்ப கையால திருகிக் கழட்டி கட்டிய தோண்டி எடுத்து பேப்பர்ல சுத்திப் போடுங்க, ட்ராப்ப கழுவுறத மட்டும் கொல்லையில வச்சுக்கோங்க. அடைப்பு எடுக்குற பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் ஒண்ணு மேல ஒண்ணு ஊத்துறது ரொம்ப ஆபத்து, கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும், கூட என்ன கலந்துருக்குனு பொறுத்து விஷப்புகையும் வரும்.

அப்புறம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயும் சீயக்காத்தூளும் முடியும் சேந்து பாத்ரூம் ஓட்டையில போய் களியா திரண்டு நிக்கும், அடுப்படிய மட்டும் காப்பாத்தி என்ன பிரயோஜனம். உடம்புல கூடுதலா இருக்குற எண்ணெய பழைய துண்டால ஒரு தடவ ஒத்தி எடுத்துட்டு சீயக்கா போடுங்க, ஓட்டைக்கு மேல இருபது முப்பது ரூவாக்கு விக்குற வலை ஒண்ண போட்டு வைங்க, குளிச்சு முடிச்சதும் அதுல நிக்குறத எடுத்து குப்பையில போட்டுறணும். காலி எண்ணெய் பாக்கெட்ட ஒரு முனைய வெட்டி கிண்ணத்து மேல தலகீழா கிளிப் போட்டு தொங்கவிட்டா ராத்திரிக்குள்ள ஒரு ஸ்பூன் எண்ணெய் வடிஞ்சுரும், காலையில தோசைக்கல்லுக்கு அது ஆச்சு, பாக்கெட்ட துடைச்சுட்டு மக்காத குப்பையில போடலாம்.